எப்போது வீழ்ந்திருந்தால்?

"நடந்ததைக் கற்பிப்பதே வரலாறு, நடவாததைப் பற்றி வினவுவது வீண் கனவு" என்னும் ஆசிரியர் நம்மிடையே பலர் உளர். இலக்கண வகுப்பில் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்கும் அவர்களே, வரலாற்று வகுப்பில் ஒரு மாணவன் "இந்த மன்னன் அன்றே இறந்திருந்தால்?" என்று கேட்டதும் அவனை உட்காரச் சொல்லிவிடுகின்றனர். இப்போக்கை நான் வன்மையாக மறுக்கிறேன். வேறு எவ்வாறு நிகழ்ந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பாராதவனுக்கு, நிகழ்ந்ததன் காரணம் விளங்குவது எங்ஙனம்?

ஆனால், அவ்வினாவை எழுப்புவோரும் அதை அரைகுறையாகவே எழுப்புகின்றனர். ஸ்காட்லாந்து மன்னன் இராபர்ட் புரூஸைக் காண்க. சிலந்தியைப் பார்த்து விடாமுயற்சி கற்றவன் என்றே நம் சிறுவர் அவனை அறிவர். அவன் மறைந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழிந்தபின் வால்ட்டர் ஸ்காட் என்னும் எழுத்தாளர் பரப்பிய கதை அது. அக்கதையால் ஒரு நாட்டின் விடுதலையையே ஒருவன் நெஞ்சுரத்துக்குள் அடக்கிவிட்டோம். ஆகவே, "அவன் முன்னரே போரில் மடிந்திருந்தால்?" என்றதும், "ஸ்காட்லாந்தே இராது" என்று விடை வந்து விழுகிறது. எப்போது மடிந்திருந்தால் என்று எவரும் கேட்பதில்லை.

1306 மார்ச்சில் புரூஸ் முடிசூடினான். அதற்கு முந்திய திங்களில்தான், போட்டியாளன் ஜான் கோமின், டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் அவனால் வீழ்த்தப்பட்டிருந்தான்; கோமின் சுற்றத்தார் அனைவரும் பகைவராயினர். ஜூன் 19இல் மெத்வெனில் ஆங்கிலப் படை திடீரெனத் தாக்கி அவன் சேனையைச் சிதறடித்தது. ஓராண்டுக்குள் அவன் உடன்பிறந்தார் மூவர் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டனர். மெத்வெனில் அவன் மாண்டிருப்பின், மூன்று திங்களும் நிறையாத அவ்வரசு அவனோடு மாண்டிருக்கும். விடுதலை வேட்கை மாண்டிருக்குமா? 1297இல் ஸ்டெர்லிங் பாலத்தில் வாலஸும் மரேயும் வென்றபோது புரூஸ் மன்னனே அல்லன் என்பதை நினைக.

இனி 1314 ஜூன் 23, பானக்பர்ன் போரின் முதல் நாள். ஹென்றி தெ போஹுன் என்னும் ஆங்கில வீரன் ஈட்டியை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். சிறு குதிரைமேல் கோடரியோடு இருந்த புரூஸ் சற்றே விலகி, அங்கவடியில் எழுந்து நின்று, ஒரே வெட்டில் அவன் தலையைப் பிளந்தான். கோடரிக் காம்பும் முறிந்தது. (படைத்தலைவன் செய்யத்தக்க செயலன்று இது!) அவன் விலகத் தவறியிருந்தால்?

மறுநாட் போர் ஒருவேளை நடந்தே இராது. தம்பி எட்வர்ட் அரியணை ஏறியிருக்கலாம். அவன் வீரன், ஆனால் முன்பின் எண்ணாதவன். ஸ்டெர்லிங் கோட்டைக்கு அவன் தந்த தவணையே ஆங்கிலப் பெரும்படையை அங்கு இழுத்து வந்தது. எனினும், ராக்ஸ்பர்க் கோட்டையை டக்ளஸும் எடின்பரோவை ராண்டால்ஃபும் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மீட்டிருந்தனர். மெத்வெனில் இல்லாத தலைமை பானக்பர்னில் பலரிடம் பரவியிருந்தது. எட்டாண்டுப் போர் அவர்களை ஆளாக்கிவிட்டது.

இதற்குச் சான்று கற்பனையில் இல்லை. பின்னைய வரலாற்றிலேயே உண்டு. 1329இல் புரூஸ் மறைந்தபோது மகன் டேவிட்டுக்கு வயது ஐந்து. 1346இல் அந்த டேவிட் போர்க்களத்தில் பிடிபட்டுப் பதினோராண்டு ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்தான். மன்னன் சிறையில், நாடோ அழியவில்லை! 'புரூஸ் இன்றேல் ஸ்காட்லாந்து இல்லை' என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

அப்படியாயின் அவன் சாவினால் எதுவும் மாறியிராது என்பதும் பிழையே. பானக்பர்ன் வெற்றிக்குப்பின் சிறைப்பட்டவருள் ஒருவன், அந்தப் போஹுனின் குலத்தவனான ஹெர்ஃபோர்ட் பிரபு. அவனை விடுவித்ததற்கு ஈடாகவே எட்டாண்டுச் சிறையிலிருந்து புரூஸின் மகள் மார்ஜரி மீண்டாள். வால்ட்டர் ஸ்டூவர்ட்டை மணந்தாள். அவர்கள் மகன் 1371இல் ஸ்டூவர்ட் மரபின் முதல் மன்னனானான். 1603இல் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்த ஜேம்ஸ், அவள் வழியில் வந்தவன்.