சந்தோஷ் டிராபி: கேலரி ஏன் காலி?

பூவாரில் நெய்யாறு கடலில் கலக்கிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே பொழியூர். அதையும் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. இந்தக் கரையை மாநில எல்லை பிரித்திருக்கிறது, கால்பந்து பிரிக்கவில்லை. வள்ளங்கள் கரையேறிய பிறகு மணலில் பந்து உருளாத மாலைகள் குறைவு. பொழியூருக்கு 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்றே பெயர். கேரள அணிக்குத் தலைமுறை தலைமுறையாக வீரர்களைக் கொடுத்த மீனவ ஊர் அது.

அந்த சந்தோஷ் டிராபிக்குத்தான் இப்போது கூட்டம் சேருவதில்லை.

மாநிலங்கள் மோதும் இந்தத் தேசியப் போட்டி 1941ல் தொடங்கியது. இந்திய அணியின் நட்சத்திரங்கள் தத்தம் மாநிலத்துக்காக இதில் இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1973ல் கொச்சியில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதல் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, மூன்று கோல்களையும் அடித்த கேப்டன் மணி கேரளத்தின் கதாநாயகனானார்.

2014ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. பெரிய வீரர்கள் கிளப்புகளின் ஒப்பந்தத்துக்குள் போய்விட்டார்கள். நீரோடிக்கு அருகே இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் கூட ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா கிளப்புகளின் சட்டையில்தான் நாட்டுக்கு அறிமுகமானார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாநில அணியில் தெரிந்த முகம் இல்லையென்றால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

நடத்துபவர்களும் தம் பங்குக்கு ரசிகனைத் தூர விரட்டினார்கள். 2023ல் அரையிறுதிகளும் இறுதி ஆட்டமும் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்தன. 54 ஆண்டுகளுக்குப் பிறகு கர்நாடகம் கோப்பையை வென்றது. அந்தப் பிரம்மாண்ட ஸ்டேடியத்தின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. பெங்களூர் ரசிகன் ரியாத்துக்கா போவான்?

மக்களுக்கு இந்தப் போட்டி அலுத்துவிட்டது என்று சொல்பவர்கள் அதற்கு முந்தைய ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022ல் மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் ஆட்டங்கள் நடந்தன. ரம்ஜான் நோன்பு மாதம். நோன்பு திறந்துவிட்டு ஜனங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். மே 2ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் 5-4 என்று வென்றபோது சுமார் 25,000 பேர் கேலரியில் இருந்தார்கள். அன்றும் களத்தில் லீக் நட்சத்திரங்கள் கிடையாது. இருந்தவர்கள் அந்த மண்ணின் பையன்கள்.

பொழியூர்ப் பையனுக்கு இது வெறும் ஆட்டமல்ல. கடலரிப்பு கரையைத் தின்றுகொண்டிருக்கிறது; மீன்பிடி நிச்சயமில்லாத தொழில். மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஒரு வழி பிறக்கும். 2018ல் கோப்பையை வென்ற அணியின் வீரர்களுக்குக் கேரள அரசு வேலை அறிவித்தது. கூட்டம் இல்லாத போட்டிக்கு மதிப்புக் குறைந்தால் அந்தச் சான்றிதழின் மதிப்பும் குறையும்.

நட்சத்திரங்களை இழுத்துக்கொண்ட லீக்கும் ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி, 2025 ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதை நம்பி மாநிலப் போட்டியைக் கைவிடுவது புத்திசாலித்தனமல்ல. வீரர்கள் பிறக்கும் ஊர்களுக்குப் பக்கத்தில், ஜனங்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் ஆட்டங்களை வைக்கட்டும். பூவாரிலிருந்தும் நீரோடியிலிருந்தும் பஸ் ஏறி வர ஆள் இருக்கிறார்கள்.