மாற்றியது ஒருவர், கை இழந்தது இன்னொருவர்

மாணவர்களே, இரு முனை பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளையில் பேனாவைச் செருகுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீளமான எர்த் முனை மேலே நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும்; அதுதான் அதன் வடிவமைப்பு. பேனா அந்தப் பாதுகாப்பை ஏமாற்றுகிறது. இப்படி மாற்றிப் பயன்படுத்தும்போது விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு?

அமெரிக்காவின் நியூயார்க் மாநில உயர்மட்ட நீதிமன்றம் இத்தகைய இரண்டு வழக்குகளைச் சந்தித்தது. இரண்டிலும் காயமடைந்தவரின் வயது 17.

முதலாவது, பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம். பாதுகாப்புக் கதவு மூடியிருந்தால்தான் அது இயங்கும். நைலான் நூலில் மணிகளைத் தொடர்ச்சியாக வார்ப்பதற்காக, முதலாளி அந்தக் கதவிலேயே துளை வெட்டினார். துளை வழியே போன தொழிலாளியின் கை அச்சுகளுக்கிடையே சிக்கியது. பாதுகாப்பாக விற்ற பொருளைப் பிறர் பெரிதும் மாற்றினால் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 1980இல் தீர்ப்பு வந்தது. நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இலும் இதற்கு நெருங்கிய வாதம் உண்டு: பொருளை விநியோகித்தபோது அந்தக் குறைபாடு இல்லை எனத் தயாரிப்பாளர் நிரூபிக்கலாம்.

இரண்டாவது, இறைச்சி அரைக்கும் இயந்திரம். அதன் தடுப்பு கடையில் கழற்றப்பட்டிருந்தது. வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர் கையை இழந்தார். தடுப்பின்றி இயக்குவது ஆபத்து என்ற எச்சரிக்கை இயந்திரத்தில் இல்லை. மாற்றம் செய்யப்பட்டது என்பதற்காக, எச்சரிக்கும் கடமை எப்போதும் நீங்கிவிடாது என்றது 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

முதல் தீர்ப்பு நியாயமானதே. யாராலும் மாற்ற முடியாத இயந்திரத்தை எந்தப் பொறியியலாளராலும் செய்ய இயலாது. ஆனால், இரண்டாவது தீர்ப்பு இல்லாவிட்டால் அந்த நியாயம் அரைகுறையே என்பது என் கருத்து. தடுப்பைக் கழற்றியவருக்கு அங்கே ஒரு தடுப்பு இருந்தது தெரியும். பிறகு வேலைக்கு வருபவருக்கு அதுகூடத் தெரியாது. இயந்திரத்தில் ஒட்டிய எச்சரிக்கை மட்டுமே அவரிடம் பேசும்.

“எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?” என்று கேட்கலாம். சிலர் படிப்பதில்லைதான். அதற்காகப் படிக்கக்கூடியவரின் வாய்ப்பைப் பறிக்கலாமா?

பள்ளிப் பட்டறையிலோ வீட்டிலோ ஒரு மூடியைக் கழற்றத் தோன்றினால், அது எதைத் தடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் கழற்றாதீர்கள். ஏற்கெனவே கழன்றிருந்தால், இயக்குவதற்கு முன் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீதிமன்றம் இழப்பீடு தரலாம். விரல்களைத் தர முடியாது.