காதைத் திறக்கப் பயிற்சி, கையைக் கட்ட உத்தரவு!

‘தலைமைப் பயிற்சி’ என்ற பெயரால் இன்று பெரும் வியாபாரம் நடக்கிறது. கம்பெனி முதலாளிகள் சூப்பர்வைசர்களையும் மானேஜர்களையும் ஓட்டலில் கூட்டிவைத்து, தொழிலாளியிடம் சிரித்துப் பேசு, அவன் குறையைக் காது கொடுத்துக் கேள் என்று பாடம் நடத்துகிறார்கள். பயிற்சி பலித்ததா என்று யாரைக் கேட்கிறார்கள்? பயிற்சி பெற்றவரைத்தான்! அவருக்குக் கீழே வேலை செய்பவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. சமைத்தவனிடமே ருசி கேட்கிற கதை!

இது புதுச் சரக்கும் அல்ல. அமெரிக்காவில், சிக்காகோ அருகே ஹாதார்னில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் டெலிபோன் கருவித் தொழிற்சாலை இருந்தது. தொழிலாளரின் குறை கேட்பதற்கென்றே 1936-இல் அங்கே ஆலோசகர்களை நியமித்தார்கள். எதையும் கேட்கலாம், கேட்ட குறையைத் தீர்க்க எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. இதுதான் அவர்களுக்கு விதி. பேசித் தீர்த்தால் மனப் புழுக்கம் அடங்கிவிடும் என்பது கணக்கு. புழுக்கம் அடங்கலாம், கூலி உயருமா? 1956-இல் அந்த ஏற்பாட்டையே மூட்டை கட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான பள்ளிக்கூடம் ஒன்று கீழத்தஞ்சையில் நடந்தது. 1943-இல் கட்சி அனுப்பி அங்கே சென்ற தோழர் பி.சீனிவாசராவுக்குத் தாய்மொழி கன்னடம். பண்ணையாட்களின் குடிசையில் தங்கினார். அவர்கள் உண்டதை உண்டார். (ஓட்டல் வகுப்புக்காரர்கள் கவனிக்க!) சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நாட்கள் அவை. மிராசுதார் முன் துண்டை இடுப்பில் கட்டி நின்றவர்கள் செங்கொடியின் கீழ் சங்கமாகத் திரண்டார்கள். கற்றதைக் களத்துமேட்டில் செய்து காட்ட வேண்டும். சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல அவரவர் தெரு ஜனங்களே இருந்தார்கள். களப்பாள் குப்பு போன்ற தலைவர்கள் அப்படித்தான் உருவானார்கள். சவுக்கடியையும் சாணிப்பாலையும் கைவிட 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் மிராசுதார்கள் இணங்க நேர்ந்தது.

பயிற்சியே வீண் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் தெரிந்துகொள்ளவும் பேரம் பேசவும் தொழிலாளி பழகத்தான் வேண்டும். ஆனால் பழகியவன் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். அவனைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் அவன் கீழுள்ளவர்களுக்கு வேண்டும். இரண்டும் இல்லாத பயிற்சி நாடக ஒத்திகைதான்.

ஆலைத் தோழர்களே! பயிற்சி முடித்துச் சிரித்த முகத்தோடு சூப்பர்வைசர் வந்தால், ஒரு நாள் லீவுக்கு அவரே கையெழுத்துப் போட முடியுமா என்று கேளுங்கள். “மானேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்பாரானால், குறையை எழுதி, சங்கத்தின் முத்திரையிட்டு, நேரே மானேஜர் மேஜைக்கு அனுப்புங்கள்.