ஊசி வலியைக் குறைக்க வழியுண்டு

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் களிமண்ணை அச்சிலிட்டுப் பொம்மைகளும் மின் ஃபியூஸ் பாகங்களும் செய்வோரின் கைகளுக்கு நாள் முழுவதும் ஓய்வில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் நோவது இயல்பே. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கோ முழங்கால் வலி. ஸஜ்தாவிலிருந்து எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாத்திரையும் பயிற்சியும் போதாதபோது, வலிக்கும் இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். அது நோயை வேரறுப்பதன்று. எனினும் சில வாரங்களோ மாதங்களோ வலியைத் தணிக்கும். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மறுபடி அவரிடம் போவதேயில்லை.

அன்பு வாசகர்களே! அச்சத்தை மறைப்பது வீரமன்று. அஞ்சினால் தசைகள் இறுகும். இறுகிய தசையில் வலி மிகும். ஆகவே, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பு ஊசியின்போது மயங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். படுக்க வைத்துப் போடுவார்கள்.

தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஏறத்தாழ 1 மணி நேரம் முன்னதாகத் தடவலாம். குளிர்ச்சி தரும் ஸ்ப்ரேயோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியோ உதவும். மெல்லிய ஊசியால் லிக்னோகேய்ன் மருந்தை முதலில் செலுத்துவதும் உண்டு. மருந்தை மெதுவாகச் செலுத்தினாலும் வலி குறையும். இவற்றுள் உங்களுக்கு ஏற்றது எது என்று கேளுங்கள். ஊசியைப் பாராமல், மூச்சை மெல்ல வெளிவிட்டு, உடன் வந்தவரோடு பேசிக்கொண்டிருங்கள், திக்ரும் செய்யலாம். பெண்கள், செவிலியர் ஒருவர் அருகில் இருக்கும்படி கேட்பதில் தவறில்லை.

சர்க்கரை நோய், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, காய்ச்சல், தோலில் புண் ஆகியவற்றை மறைக்காதீர்கள். ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை உயரலாம். ஓரிரு நாள் வலி கூடினால் கலங்க வேண்டாம். ஆனால் மூட்டு சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோன்பு நாளில் என்ன செய்வது? தோலிலும் தசையிலும் இரத்த நாளத்திலும் போடும், ஊட்டமளிக்காத மருந்தூசிகளால் நோன்பு முறியாது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. மூட்டினுள் போடும் ஊசி குறித்து உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இயன்றால் இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் மூட்டு வலியோடு முடங்கியிருப்பவரிடம் இன்றே கேளுங்கள்: "ஊசிக்கு அஞ்சியா மருத்துவரிடம் போகாமலிருக்கிறீர்கள்?" ஆம் என்றால், அடுத்த முறை நீங்களும் உடன் செல்லுங்கள்.