முழங்கையை அளந்து போட்ட மேடை

தெற்கு அந்தமானில் சிப்பிகாட் என்ற ஊரில் எங்கள் பழைய வீடு வயலோரத்தில் இருந்தது. தரையில் விறகடுப்பு, பக்கத்தில் மணைப்பலகை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது. வயலுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவில்லை. நெல் நின்ற இடத்தில் இன்று கொக்கும் உள்ளானும் நிற்கின்றன. மேட்டில் இடம் பிடித்து 2006-ல் புது வீடு கட்டினோம். தலைக்கு மேல் கூரை வந்தால் போதும் என்றிருந்த அவசரத்தில், கொத்தனார் அடுப்பு மேடையை 36 அங்குலத்தில் ஏற்றிவிட்டார். சமைக்கப்போகிற என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

என் உயரம் நாலடி பதினொரு அங்குலம். மேடைமேல் அடுப்பு ஐந்து அங்குலம், அதன்மேல் குண்டான். குதிகாலைத் தூக்கித்தான் குழம்பைக் கிளறினேன். வலது தோளைத் தூக்க முடியாமல் போனபிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன்.

நிற்கும்போது மடக்கிய முழங்கையிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருப்பதுதான் காய் நறுக்க ஏற்ற உயரம். என் முழங்கை 37 அங்குலத்தில் இருக்கிறது. அப்படியானால் எனக்கு 32 போதும். அடுப்பு வைக்கும் பகுதி இன்னும் தாழ வேண்டும்; 28 என்று முடிவு செய்தேன். சிங்க் இதற்கு நேர்மாறு. அதன் அடிப்பகுதி பள்ளத்தில் இருப்பதால் விளிம்பு உயர்ந்தால்தான் முதுகு வளையாது. 36 என்பது அமெரிக்கச் சமையலறைகளின் அளவு. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் ஐந்தடிதான். ஒரே உயரத்தில் ஒரே நீளமாகக் கல்லைப் போடுவது போடுகிறவருக்கு வசதி, நாள்தோறும் நாலு மணி நேரம் நிற்கிறவருக்கு வதை. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மாசி மாதத்தில், மழை இல்லாத நாட்களில், நானும் கணவரும் வேலையைத் தொடங்கினோம். கிரானைட் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வரவேண்டிய பொருள் என்பதால் பழைய பலகையை உடைக்க மனம் வரவில்லை. உளியால் அடிக்கலவையை மெல்லப் பெயர்த்தோம். ஆறடிக்கு இரண்டடிப் பலகை ஐம்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. பக்கத்து வீட்டு அண்ணன்கள் இருவரும் வந்து கைகொடுத்தார்கள். கல்லைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. செங்குத்தாக நிறுத்தித்தான் நகர்த்த வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறிந்துவிடும்.

புது உயரங்களுக்கு ஏற்பப் பலகையை வெட்டும் வேலையை மட்டும் நாங்கள் செய்யவில்லை, யாரும் வீட்டில் செய்யவும் கூடாது. உலர்ந்த கல்லை அறுத்தால் கிளம்பும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சிலிக்கா மிக அதிகமுள்ள செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடையே செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. தண்ணீர் ஊற்றி அறுக்கும் கடையாகத் தேடிக் கொடுத்தோம். சிங்க் துளையின் மூலைகளை வளைவாக வெட்டச் சொன்னோம். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

இது அடிக்கடி நிலம் அதிரும் ஊர். சுவரில் செருகி விட்ட பலகையை நம்ப முடியாது. இரண்டடிக்கு ஒன்றாகச் செங்கல் கால் கட்டினோம். கலவைக்குக் கடற்கரை மணல் வேண்டாம் என்றேன். அதிலுள்ள உப்பு, கலவைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தின்னும். இந்தத் தீவுகளின் கரைகளில் மணல் அள்ளுவதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்ன ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஏற்றிருக்கிறது. எஞ்சியிருக்கும் கரையையும் நாமே கரைக்கலாமா? கல்தூளில் கலந்தோம். ரசமட்டம் வைத்து, சிங்க் பக்கம் நூலளவு சரிவு விட்டு, பலகையை இறக்கினோம். ஒரு வாரம் எதையும் மேலே வைக்கவில்லை.

இப்போது குண்டானின் அடி தெரிகிறது. தோள்வலி முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

காராச்சர்மாவில் என் தம்பி வீடு கட்டுகிறான். வரைபடத்தில் மேடைக்கு 36 என்று போட்டிருந்தது. நேற்று நாடாவோடு போய்த் தம்பி மனைவியை நிற்கச் சொல்லி அளந்தேன். முழங்கை 39. பூசாத சுவரில் 34-க்கு ஒரு கரிக்கோடு இழுத்துவிட்டு, அடுப்புப் பக்கம் 30-க்கு இன்னொன்று இழுத்தேன். கொத்தனார் நின்று பார்த்தார், தன் நாடாவை எடுத்து இரண்டையும் சரிபார்த்துக்கொண்டார்.