கொலைகாரன் யாருன்னு தெரியும், கைதுதான் செய்ய முடியாது!



"சார், கொரியப் படம் பத்தி சுவரிதழ்ல எழுதுங்க" என்று மேல்வகுப்புப் பிள்ளைகள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இதோ, எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று. நான் சொல்லப்போவது பெரியவர்களுக்கான படம். தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டாம். அது எழுப்பும் கேள்வி மட்டும் நமக்குப் போதும்.

படத்தின் பெயர் 'வி.ஐ.பி.' (நம்ம தனுஷ் படம் இல்லை!) பார்க் ஹூன்-ஜுங் இயக்கி, 2017 ஆகஸ்டில் தென் கொரியாவில் வெளிவந்தது.

சியோல் நகரில் இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். போலீஸ் அதிகாரியின் சந்தேகம் ஓர் இளைஞன் மேல் விழுகிறது. அவன் வட கொரியாவின் பெரும்புள்ளி ஒருவரின் மகன். அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் தென் கொரிய உளவுத்துறையும் சேர்ந்து அவனைத் தெற்கே கொண்டுவந்து வைத்திருக்கின்றன. போலீஸ் பிடிக்கப் போனால் உளவுத்துறை தடுக்கிறது. வட கொரியாவிலும் அவனை ஓர் அதிகாரி துரத்தியவர்தான். அங்கே அப்பாவின் பதவி காப்பாற்றியது, இங்கே உளவு ரகசியம் காப்பாற்றுகிறது. காதல் தொடர்களில் கதாநாயகனாக வந்த லீ ஜோங்-சுக்தான் அந்தக் கொலைகாரன். யாரும் தன்னைத் தொட முடியாது என்று தெரிந்தவனின் சிரிப்பு அது!

துப்பறியும் கதை என்றால் "கொலை செய்தது யார்?" என்று கடைசிப் பக்கம் வரை காத்திருப்போம். இதில் அது சீக்கிரமே தெரிந்துவிடும். "இவனைக் கைது செய்ய யார் விடுவார்கள்?" என்பதுதான் கதையே.

ஒரு கொலைகாரனுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வரலாற்றுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். 1945-இல் கொரியா இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1950-இல் போர் மூண்டது. 1953-இல் போர்நிறுத்தம் வந்தது, ஆனால் சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அதனால் வடக்கின் மேல்மட்டத்திலிருந்து ஒருவர் தப்பி வந்தால் தெற்கு அவரைப் பொக்கிஷமாகப் பார்க்கும். 1997-இல் ஹ்வாங் ஜாங்-யோப் என்ற பெரிய தலைவர் அப்படி வந்தபோது உலகமே பேசியது. அவர் கொள்கைவாதி. படத்தில் வருபவனோ கொலைகாரன். ரகசியம் கிடைக்கிறது என்பதற்காக அவனையும் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளலாமா?

"சார், ஒரு ரகசியத்தால நாட்டுக்கே நல்லது நடக்கும்னா கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொறுத்துக்கொள்வது யார்? அலுவலகத்தில் கோப்பு புரட்டும் அதிகாரியா? இல்லையே! இரவில் தனியாக வீடு திரும்பும் பெண்தான். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மேலும், நடந்த கொலையை மறைப்பதோடு விஷயம் முடிவதில்லை. அவனை வெளியே விட்டால் அடுத்த கொலைக்கும் அனுமதி கொடுத்தாகிவிட்டது. 'நாட்டு நலன்' என்று எவராவது சொன்னால், அந்த நாட்டில் அந்தப் பெண்ணும் உண்டா என்று நாம் கேட்க வேண்டும்.

இது வெறும் சினிமா இல்லை. கொரியாவில் ஹ்வாசோங் என்ற ஊர்ப் பக்கம் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதை வைத்துத்தான் போங் ஜூன்-ஹோ 2003-இல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' எடுத்தார். 2019-இல் மரபணுச் சோதனை குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. அவன் 1994-இல் செய்த வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தான். ஆனால் ஹ்வாசோங் கொலைகளுக்காக அவன்மேல் வழக்குப் போட முடியவில்லை. சட்டம் வைத்திருந்த கால வரம்பு 2006-லேயே முடிந்துவிட்டது! அதைவிடக் கொடுமை, அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக நிரபராதி ஒருவர் சுமார் இருபது ஆண்டுகள் சிறையில் இருந்தார். 2020-இல்தான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. பெரிய இடத்துப் பிள்ளைக்குக் காவல், கேட்க ஆளில்லாதவருக்குச் சிறை! கொலைக் குற்றத்துக்குக் கால வரம்பு கூடாது என்று கொரியா 2015-இல் சட்டத்தை மாற்றியது நல்ல செய்தி.

'வி.ஐ.பி.' படத்தின் மேல் எனக்குக் கோபமும் உண்டு. கொல்லப்பட்ட பெண்கள் உளவுத்துறைக்கு ஒரு பொருட்டே இல்லை என்று படம் குற்றம் சொல்கிறது. சரி. ஆனால் படத்துக்கு மட்டும் அவர்கள் யாராம்? என்ன படித்தார்கள், வீட்டில் யார் காத்திருந்தார்கள், எதுவும் தெரியாது. அவர்கள் துடிப்பதை மட்டும் கேமரா நெடுநேரம் பார்க்கிறது. கொரியாவிலேயே பெண் ரசிகர்கள் பலர் இதைக் கண்டித்தார்கள். அவர்கள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. வன்முறையைக் காட்டினால்தான் கொடுமை புரியும் என்பதில்லை. ஒரு காலி நாற்காலியைக் காட்டினாலும் புரியும்.

ஆகவே மாணவர்களே, எந்தத் திகில் கதையைப் படித்தாலும் பார்த்தாலும் கொலைகாரனின் சாமர்த்தியத்தில் மயங்காதீர்கள். செத்துப்போனவருக்கு அந்தக் கதையில் ஒரு பெயராவது இருக்கிறதா என்று பாருங்கள். குடிமையியல் புத்தகத்தில் 'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோமே, அந்த 'அனைவரும்' என்ற சொல்லில் வி.ஐ.பி.யும் அடக்கம், அவன் கொன்ற பெண்ணும் அடக்கம்.

மாற்றுக் கருத்து இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்.

- உங்கள் வரலாற்று ஆசிரியர்