ஸ்டேஜ் மேனேஜர் ஆகணும்னு வேலையை விடப் போறீங்களா? ஆறு மாசச் செலவு கையில இருந்தா போதாதுங்க



திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் சரவணம்பட்டியில ஐ.டி. வேலை, இல்லைன்னா திருப்பூர்ல ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ். சனி, ஞாயிறு வந்துட்டா நாடகம், காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஸ்கூல் ஆண்டு விழா, வள்ளி கும்மி அரங்கேற்றம்னு ஏதாவது ஒரு மேடைக்குப் பின்னாடி கையில க்யூ ஷீட்டோட நிக்கிறது. எந்த லைட் எப்ப எரியணும், எந்த மைக் எப்ப ஆன் ஆகணும், யார் எந்தப் பக்கம் இருந்து உள்ள வரணும்னு எல்லாத்தையும் ஓட்டுறது நீங்கதான். கைதட்டல் நடிகருக்குப் போகும். ஆனா ஷோ நல்லபடியா முடிஞ்ச அந்த ராத்திரி கிடைக்கிற சந்தோஷம் திங்கட்கிழமை மீட்டிங்ல கிடைக்காது. அது உண்மைதான்.

அப்ப "இதையே முழு நேரமாப் பண்ணா என்ன?"ன்னு கேள்வி வரும். உடனே எல்லாரும் சொல்ற பதில், "ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா வெச்சுட்டு வேலையை விடு." சம்பளக்காரருக்கு அது சரியான அட்வைஸ். மேடை வேலைக்குப் போறவருக்கு அது ஆபத்தான அட்வைஸ்ங்கிறதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

இந்தத் தொழிலுக்கு மாசம் கிடையாது, சீசன்தான்

நம்ம கொங்கு காலண்டரை எடுத்துப் பாருங்க. தை, மாசியில ஸ்கூல் ஆண்டு விழா, காலேஜ் விழா. மாசியில கோயம்புத்தூர் கோனியம்மன் தேர். பங்குனியில பண்ணாரி குண்டம், ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழா. சித்திரை, வைகாசி வரைக்கும் ஊருக்கு ஊர் நோம்பி, கல்யாண ரிசப்ஷன். அதுக்கப்புறம் ஆடி வந்தா கல்யாண மேடை படுத்துடும். நவராத்திரியில கொஞ்சம் எழுந்திருக்கும். மார்கழியில கச்சேரி இருக்கும், கல்யாணம் இருக்காது.

அதாவது வருஷ வருமானத்துல பெரும்பங்கு ஒரே அஞ்சு மாசத்துல வருது. அந்த அஞ்சு மாசம் போச்சுன்னா வருஷமே போச்சு.

அப்படி நடக்குமான்னு கேட்டா, நடந்திருக்கு. 2020 மார்ச் 25-ல ஊரடங்கு ஆரம்பிச்சப்ப பங்குனி பிறந்து ரெண்டு வாரம் கூட சரியா ஆகியிருக்கல. திருவிழா சீசன் அப்பதான் சூடு பிடிக்கும். ஆறு மாசப் பணம் வெச்சிருந்தவருக்கு அது செப்டம்பர்ல தீர்ந்திருக்கும். அடுத்த சீசனாவது கை கொடுக்கும்னு பார்த்தா, 2021 ஏப்ரல்லயே திருவிழாக்களுக்குத் தடை, மே 10-ல இருந்து மறுபடி முழு ஊரடங்கு. அடுத்தடுத்து ரெண்டு சீசன்.

பெருந்தொற்று தினமும் வராது, சரி. தேர்தல் வருமே! 2016-ல மே 16, 2021-ல ஏப்ரல் 6 என்று சட்டமன்றத் தேர்தல் நம்ம சீசன் நடுவுலயேதான் வந்துச்சு. நடத்தை விதி அமலுக்கு வந்தா அரசு விழா நின்னுடும். ஷோ முடிஞ்சு 50,000 ரூபாய்க்கு மேல ரொக்கத்தோட வண்டியில வந்தா பறக்கும் படை ஆவணம் கேட்கும்.

அதனால என் கணக்கு இதுதான்: ஒரு முழு சீசன் கையை விட்டுப் போனாலும் அடுத்த சீசன் வரைக்கும் தாங்கணும். அதுக்கு 12 மாசச் செலவு வேணும். அது சேராம ராஜினாமா வேண்டாம்.

"ஒரு நாளைக்கு 4,000 ரூபாய்" என்பது எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்க சொந்த நம்பரை வெச்சு நீங்களும் போட்டுப் பாருங்க.

இப்ப கைக்கு வர்ற சம்பளம் மாசம் 35,000. ஷோவுக்கு 4,000 தர்றாங்க. "மாசம் ஒன்பது ஷோ பண்ணா 36,000. சம்பளத்தைத் தாண்டிடுச்சே!"ன்னு மனசு சொல்லும். கொஞ்சம் பொறுங்க.

- கைக்கு வர்ற சம்பளம்: 35,000 × 12 = 4,20,000
- பி.எஃப். உங்க பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800: வருஷத்துக்கு 43,200
- கம்பெனி போட்டுத் தந்த ஹெல்த் இன்சூரன்ஸை நீங்களே எடுத்தா: சுமாரா 18,000
- பெட்ரோல், போன், லேப்டாப், ஹெட்செட், டேப், டார்ச், கறுப்புச் சட்டை எல்லாம் சேர்த்து: 60,000

மொத்தம் 5,41,200. இப்ப இருக்கிற அதே நிலைமையில இருக்கவே இவ்வளவு வேணும்.

வேலை நாள் எத்தனை? சீசன் அஞ்சு மாசம், மாசம் 12 நாள்: 60. மீதி ஏழு மாசம், மாசம் 5 நாள்: 35. ஆக 95 நாள். 5,41,200-ஐ 95-ஆல வகுத்தா நாளைக்குச் சுமார் 5,700 ரூபாய். 4,000-க்கே ஒத்துக்கிட்டா வருஷத்துக்கு 3,80,000தான். 1,61,200 ரூபாய் துண்டு விழும். அந்தத் துண்டு முதல் வருஷம் கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா பி.எஃப்.பும் இன்சூரன்ஸும் இல்லாததை நாம செலவா எழுதுறதே இல்ல.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. கார்ப்பரேட் நிகழ்ச்சின்னா ஒரு நாள் வேலை. நாடகம்னா ஆறு நாள் ரிகர்சல், ஒரு நாள் ஷோ. ஷோவுக்கு மட்டும் 4,000 பேசினா ஏழு நாளுக்கு வகுத்து நாளைக்கு 571 ரூபாய். கட்டட வேலைக்குப் போறவர் இதை விட அதிகமா வாங்குவார். நாடகத்து மேல இருக்கிற ஆசைக்காகக் குறைச்சு வாங்குறது உங்க விருப்பம், தப்பே இல்ல. ஆனா எவ்வளவு குறைக்கிறோம்னு தெரிஞ்சு குறைங்க. ரிகர்சல் நாளுக்குப் பாதி ரேட்டாவது தனியாப் பேசுங்க.

ஃப்ரீலான்ஸ் நமக்குப் புதுசு இல்லீங்க

இந்த வார்த்தை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தமிழ் மேடையில இந்த முறை இருக்கு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம்னு சொல்வாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம் மாதிரி நாடகங்கள். நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஹார்மோனியம்னு ஒவ்வொருத்தரையும் அந்த ஒரு ராத்திரிக்குத் தனித்தனியா புக் பண்ணுவாங்க. சேர்ந்து ரிகர்சல் கூட இருக்காது. மேடையிலதான் சந்திப்பாங்க. இவங்க வாழ்க்கையைப் பத்தி சூசன் சைசர்னு ஒரு அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் 2005-ல ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க.

நாம கவனிக்க வேண்டியது, அவங்க தனித்தனியா வேலை பார்த்தாலும் தனியா நிக்கல. நடிகர் சங்கம்னு ஒண்ணு வெச்சுக்கிட்டாங்க. கோயம்புத்தூர்ல லைட், சவுண்டு, மேடை நிர்வாகம் பார்க்கிற இளைஞர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு மேல எதுவும் கிடையாது. குறைந்தபட்சம் பத்து பேர் சேர்ந்து "இதுக்குக் கீழ ரேட் இல்ல, அட்வான்ஸ் இல்லாம தேதி இல்ல"ன்னு முடிவு பண்ணாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வேலை முடிஞ்சுது, பணம் எப்ப வரும்?

சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே தெரியாது. ஒண்ணாம் தேதி மெசேஜ் வந்துடும். இங்க "அடுத்த வாரம் பார்த்துக்கலாமுங்க"ன்னு சொல்வாங்க. அந்த அடுத்த வாரம் மூணு மாசம் ஆகும்.

மூணு விஷயம் பண்ணுங்க.

ஒண்ணு, தேதி பிளாக் பண்ண 50 சதவீதம் அட்வான்ஸ். மீதியில பெரும்பகுதி ஷோ அன்னைக்கே. ரெண்டு, என்ன வேலை, எத்தனை நாள், ரத்தானா எவ்வளவுன்னு ஒரு பக்கத்துல எழுதி வாட்ஸ்அப்லயாவது "ஓகே" வாங்கிடுங்க. தெரிஞ்ச அண்ணனா இருந்தாலும் வாங்குங்க. மூணு, உதயம் தளத்துல குறு நிறுவனமாப் பதிவு பண்ணுங்க. கட்டணம் கிடையாது. 2006-ம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு பண்ண குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள, இல்லைன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும். தாமதமானா வட்டி. நேரத்துல தரலைன்னா வாங்குற கம்பெனி அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாதுன்னு வருமான வரியிலும் விதி வந்தாச்சு. திருப்பூர் ஆடிட்டர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, நல்லாத் தெரியும். கோயில் கமிட்டிக்கிட்ட இது எடுபடாது. ஈவென்ட் கம்பெனிகிட்ட எடுபடும்.

வரியில ஒரு சின்ன கண்ணி

"ஃப்ரீலான்சர்னா 44ஏடிஏ-ல பாதி வருமானத்துக்கு மட்டும் வரி"ன்னு நிறைய வீடியோவுல கேட்டிருப்பீங்க. அது குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியல்ல "திரைப்படக் கலைஞர்" உண்டு: நடிகர், ஒளிப்பதிவாளர், இயக்குநர், எடிட்டர் மாதிரி ஆட்கள். நாடக மேடை நிர்வாகி பேர் அதுல இல்ல. அதனால கண்ணை மூடிட்டு அதுல போடாதீங்க. உங்க வேலை எந்தப் பிரிவுல வரும்னு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம் என்பதால பிரிவு எண்ணும் மாறும்.

உங்களுக்குப் பணம் தர்ற கம்பெனி டி.டி.எஸ். பிடிச்சிருந்தா 26ஏஎஸ்-ல பாருங்க. வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லைன்னாலும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணாத்தான் அந்தப் பணம் திரும்ப வரும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டா பேங்க் பார்க்கிறதும் அந்த ரிட்டர்னைத்தான். சம்பள ஸ்லிப் இல்லாதவருக்கு அதுதான் முகவரி.

ராஜினாமா லெட்டர் தர்றதுக்கு முன்னாடி

- ஹெல்த் இன்சூரன்ஸ்: கம்பெனி பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும். தனி பாலிசியை இப்பவே எடுங்க. முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் கூட ஆகலாம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்ல.
- விபத்துக் காப்பீடு: ஏணி, டிரஸ், த்ரீ ஃபேஸ் கரண்ட் நடுவுல வேலை பார்க்கறீங்க. வருஷம் 20 ரூபாய்க்கு பேங்க்லயே கிடைக்கிற பிரதமர் விபத்துக் காப்பீட்டுல 2 லட்சம் கவர் இருக்கு. அதோட பெரிய பாலிசி ஒண்ணும் தனியா வேணும்.
- பி.எஃப்.: எடுத்து கேமராவோ ஹெட்செட்டோ வாங்காதீங்க. அஞ்சு வருஷ சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா வரியும் உண்டு.
- இ.எம்.ஐ.: இருக்கிறதை முடிங்க, புதுசா எடுக்காதீங்க.

சீசன் முடிஞ்சதும் வர்ற ஆபத்து

வைகாசி முடியும்போது அக்கவுண்ட்ல ஒரே நேரத்துல மூணு லட்சம் இருக்கும். அது பணக்காரன் ஆன மாதிரி ஒரு உணர்வு தரும். அது ஆடி, ஆவணி, புரட்டாசிக்கான அரிசிப் பணம். தனி அக்கவுண்ட்ல போட்டு, ஒண்ணாம் தேதி உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கோங்க. கம்பெனி பண்ண வேலையை இப்ப நீங்க பண்றீங்க, அவ்வளவுதான்.

ஏலச்சீட்டு நம்ம ஊர்ல ரத்தத்துல ஊறின விஷயம். ஆனா மாசா மாசம் ஒரே தொகை கட்டுற சீட்டு, மாசா மாசம் வருமானம் வராதவருக்குப் பொருந்தாது. முன்னாடியே சீட்டை எடுத்துட்டு மார்கழியில கட்ட முடியாம நின்னா, பணத்தோட பேரும் போகும். அதே மாதிரி "மொத்தமாப் போடு, மாசா மாசம் தர்றேன்"ங்கிற ஸ்கீம் சம்பளம் இல்லாதவரைத்தான் ரொம்ப இழுக்கும். 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில எத்தனை குடும்பம் பணத்தை இழந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. எஃப்.டி., லிக்விட் ஃபண்ட் போதும். பி.எஃப். இடத்துக்குப் பி.பி.எஃப். இருக்கு. வருஷத்துக்கு 500 முதல் 1.5 லட்சம் வரைக்கும், சீசன்ல மொத்தமாவே போடலாம்.

அப்ப நான் என்ன சொல்றேன்?

வேலையை விடவே கூடாதுன்னு சொல்லல. ஒரு சீசனை வேலையில இருந்துக்கிட்டே முழுசாக் கணக்கு எழுதிப் பாருங்க. தை முதல் வைகாசி வரைக்கும் எத்தனை நாள் கூப்பிட்டாங்க, எவ்வளவு பேசினாங்க, எவ்வளவு வந்துச்சு, எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு. நாலு காலம், ஒரு நோட்டு. அதுல மூணு விஷயம் தெரியணும்: உங்க ரேட் 5,700 மாதிரி உண்மையான நம்பரைத் தொடுதா? எந்த ஒரே ஆளும் உங்க வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல தராம இருக்காரா? 12 மாசச் செலவு தனியா இருக்கா?

மூணுக்கும் "ஆமா"ன்னா, தைரியமாப் போங்க. பொண்ணு வீட்டுல, மாப்பிள்ளை வீட்டுல "என்ன சம்பளம்?"னு கேட்டா அந்த நோட்டையும் ரிட்டர்னையும் காட்டலாம். ஒண்ணுக்கு "இல்ல"ன்னாலும் இன்னொரு வருஷம் சனி, ஞாயிறு மட்டும் பண்ணுங்க. மேடை எங்கயும் போயிடாது. க்யூ வர்றதுக்கு முன்னாடி லைட் போட்டா ஷோ என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

உங்க கணக்குல நாள் ரேட் எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. வேற வேற தொழில் பண்றவங்க நம்பர் வந்தா, அதை வெச்சு அடுத்த வீடியோவுல பேசுவோம்.